வெள்ளத்தில் மிதக்கும் வேட்பாளர்

ராஜப்பனுக்குக் கோள் வரைய வருமா என்று ஹாஜரா முதலிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மட்டாஞ்சேரியில் சுவரில் எழுத ஆள் வேண்டுமென்றால் எல்லோரும் ராஜப்பன் பெயரைத்தான் சொல்வார்கள். தேர்தலுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கூடாது என்று உத்தரவு வந்த நாளிலிருந்து அந்த மனிதரின் கைக்கு ஓய்வே இல்லை. காலையில் ஒரு கட்சிக்கு எழுதுவார், நடுவில் ஒரு சாயா குடிப்பார், பிறகு எதிர்க்கட்சிக்கு எழுதுவார். இரண்டு சுவரிலும் ஒரே முகம் ஒரே சிரிப்போடு கைகூப்பிக்கொண்டு நிற்கும். மீசையை மட்டும் கொஞ்சம் கூட்டிக் குறைப்பார். இதுவரை எந்த வேட்பாளரும் இது என் முகமில்லை என்று சண்டைக்கு வந்ததில்லை. வரைந்திருப்பதைப் பார்த்து அப்படிச் சிரிக்கப் பழகிக்கொண்டார்களோ என்னவோ.

ஹாஜராவின் கவலை வேறு. வாசகசாலையின் மாடியறையில் ஞாயிறுதோறும் அவள் தமிழ் வகுப்பு நடத்திவந்தாள். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்கிற தெருப் பிள்ளைகள் அங்கே வருவார்கள். பேச்சில் குறையில்லை. படிக்கச் சொன்னால்தான் தலை கவிழும். அவர்களில் முதல் தலை ஹாஜராவின் மகள் நிஸாவுடையது. "மலையாளத்துல எழுதிக் குடுங்கம்மா, அழகாத் தமிழ் படிக்கிறேன்" என்று கூசாமல் சொல்கிற பெண் அவள்.

அந்த அறையின் மேல் வைத்தீஸ்வரனுக்கு ஒரு கண். பப்படக் கடை வைத்திருக்கிறவர், கேரம் ஆட்டத்தில் அந்தப் பக்கத்தில் அவரை அடிக்க ஆளில்லை. கீழே செய்தித்தாள் படிக்கிறவர்களின் முழங்கை இடிக்கிறது, மாடி கிடைத்தால் நிம்மதியாக ஆடலாம் என்று வாசகசாலைக் கமிட்டியில் மூன்று வருடமாக வாதாடிக்கொண்டிருந்தார். அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த உள்ளாட்சித் தேர்தல் வந்தாலும் சுயேச்சையாக நிற்பார். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டால் கேரத்துக்கு நேரம் போய்விடும் என்பதால் கேட்கமாட்டார். குலுக்கலில் என்ன சின்னம் விழுந்தது என்றுகூட விசாரிக்கமாட்டார். நிற்பார், தோற்பார், மறுபடி ஆடப் போவார்.

கமிட்டி கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தது. கட்டடம் கார்ப்பரேஷனுடையது. தேர்தல் முடிந்து புதுக் கவுன்சிலர் வரட்டும். பிள்ளைகள் அவர் முன்னால் தமிழை எழுத்துக்கூட்டியாவது படித்துக் காட்டினால் அறை வகுப்புக்கு, இல்லையென்றால் கேரம் போர்டுக்கு. ஹாஜரா அன்றிரவு சோறு உண்ணவில்லை. நிஸாவுக்குத் தன் தாயின் எழுத்து தெரியாமலே போய்விடும் என்கிற பயம் அவளுக்கு உள்ளூர இருந்தது. அந்த அறையும் போய்விட்டால் அது நிச்சயம் என்று பட்டது.

பிள்ளைகளுக்கு வானம் என்றால் உயிர். செல்போனில் ராக்கெட் பார்த்துப் பார்த்தே வளர்ந்தவர்கள். அதனால் கோளுக்கொரு பாட்டாக எட்டுப் பாட்டு எழுதினாள். ஒரே வாரத்தில் பிள்ளைகள் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார்கள், எழுத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்போதுதான் படத்தோடு பெரிய எழுத்தில் எழுதிவைத்தால் கண்ணில் விழுந்துகொண்டே இருக்குமே என்று தோன்றியது. மாடியறைச் சுவர் உப்புக்காற்றில் உரிந்துகொண்டிருந்தது, பெயிண்ட் நிற்காது. வாசகசாலையின் மதில்தான் நல்ல சுவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற வழியும் அதுதான். பாட்டுகளை ராஜப்பனிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேலே அந்தந்தக் கோளை வரையுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் மகளை அழைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் பாலக்காடு போனாள்.

திரும்பி வந்தபோது மதிலில் எட்டுப் பேர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

உருண்டையாகத்தான் இருந்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் உருண்டைக்கும் முகம் இருந்தது, கூப்பிய கை இருந்தது, தோளில் சால்வை இருந்தது. எட்டில் நாலு பேர் பெண்கள். பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டமிருக்கிறதே, டீச்சருக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று தாமே சேர்த்ததாக ராஜப்பன் விளக்கினார். சனியின் வளையத்தை அவர் இடுப்பில் மாட்டாமல், பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு அதற்குள் தனியாக, சின்னம்போல வரைந்திருந்தார். கீழே ஹாஜராவின் பாட்டு சாண் உயர எழுத்தில் இருந்தது:

வட்ட வளையம் போட்டவன் நான்,
வாயுவால் உடம்பு கட்டியவன் நான்;
எட்டுப் பேரிலும் இலேசு நான்,
எத்தனை வெள்ளத்திலும் மிதப்பேன் நான்.

"சேட்டா, இது கோள்" என்றாள் ஹாஜரா.

"அறியாம், தெரியும் டீச்சரே. பக்ஷே என் கைக்கு வேற வராது" என்றார் ராஜப்பன். "முகம் இல்லாம வரைஞ்சா ஆளு நோக்கணுமே?"

ஆள் நோக்கினார்கள். அந்த வாரமே தேர்தல் தேதி அறிவிப்பு வந்துவிட்டது. யாரிந்தப் புதுக் கூட்டணி, ஒரே வார்டில் எட்டுப் பேரை நிறுத்துகிறது என்று சாயாக்கடையில் பேச்சு கிளம்பியது. செவ்வாய்க்குச் சிவப்பு அடித்தது எங்கள் நிறம் என்று ஒரு கட்சிக்காரர் வந்து முறைத்தார். நெப்டியூன் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது, அங்கிருந்து இங்கே வர ராக்கெட்டுக்கே பல வருடம் ஆகும் என்று பிள்ளைகள் சொல்ல, ஜெயித்த எல்லோரும் அப்படித்தான் என்று கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எல்லோரையும்விட, மோதிரச் சின்னக்காரர் என்று பெயர் வாங்கிவிட்ட சனிக்குத்தான் கூட்டம் கூடியது. காரணம் தண்ணீர். கடல் ஏறுகிற நாட்களில் ஓடை வழியாகப் புரண்டு வந்து அடுப்படி வரை நிற்கிற தெரு அது. எந்தக் கட்சியும் சுவரில் வெள்ளம் என்கிற சொல்லையே எழுதியதில்லை.

தெருவில் ஆகத் தாழ்ந்த வீடு அழகம்மாளுடையது. கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை பார்க்கிறவள், தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பது அவள் வாசலைத்தான். பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த நிஸாவை ஒருநாள் காலையில் நிறுத்தி, சனியைக் காட்டி, இந்த ஆள் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டாள். நிஸா பாட்டைச் சொன்னாள். அழகம்மாள் மறுபடி சொல்லச் சொன்னாள். பிறகு, எந்த எழுத்து வெள்ளம் என்று கேட்டாள். நிஸா விழித்தாள். வெள்ளம் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. மானம் போய்விட்டது. மாலையில் வீட்டுக்கு வந்து, வாழ்நாளில் முதல்முறையாக, தமிழ்ப் பாடப் புத்தகத்தைத் தானே எடுத்தாள்.

அதன்பின் நடந்ததை ஹாஜரா நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் பார்த்தாள். பெரியவர்கள் ஒவ்வொரு வேட்பாளரையும் காட்டிப் பிள்ளைகளிடம் வாசகம் கேட்டார்கள். பிள்ளைகள் விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுச் சொன்னார்கள். ஆனால் அது படிப்பா, மனப்பாடமா? தெரிந்த பாட்டை விரல் வைத்துப் பாட யாருக்குத்தான் வராது. கவுன்சிலர் முன்னால் அது போதாதே.

இதற்கிடையில் ஹாஜராவின் வீட்டுக்கு மஞ்சுஷா வந்தாள். வார்டில் ஜெயிக்கப்போவது அவள்தான் என்று எல்லோரும் சொன்ன கட்சி வேட்பாளர். செருப்பை வாசலில் விட்டு, சாயா வாங்கிக் குடித்து, பிள்ளையின் படிப்பு விசாரித்து, பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள். சனி விலகிக்கொள்ள வேண்டும். மதிலில் பாட்டுக்குக் கீழே, மஞ்சுஷாவுக்கு ஆதரவு என்று ஒரு வரி போதும். மாடியறை என்றைக்கும் டீச்சருக்கே.

அது கோள், சூரியனைச் சுற்றுகிற ஒரு பெரிய வாயு உருண்டை, எட்டிலும் அடர்த்தி குறைந்தது, தண்ணீரைவிடவும் குறைவு, அதனால்தான் மிதக்கும் என்று எழுதினேன் என்று ஹாஜரா விளக்கினாள். மஞ்சுஷா பொறுமையாகக் கேட்டாள்.

"ஆரம்பத்துல எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க டீச்சரே" என்றாள். "யோசிச்சுச் சொன்னா போதும், கேட்டோ?"

ஹாஜரா யோசித்தாள், பொய் சொல்வானேன். ஒரே ஒரு வரி. அறை கைக்கு வந்துவிடும். ராஜப்பனிடம் போய்க் கேட்டதற்கு, பத்து நிமிஷ வேலை, பெயிண்ட் மிச்சமிருக்கிறது என்று பிரஷ்ஷோடு எழுந்தே விட்டார். கூட வந்திருந்த நிஸாதான் இடையில் புகுந்தாள்.

"அப்போ அதையும் நாங்க பாடம் பண்ணணுமாம்மா? சனிக்கு வளையம் உண்டு, சனிக்கு நிலா நிறைய உண்டு, சனி மஞ்சுஷா சேச்சியை ஆதரிக்கும்னு?"

ஹாஜராவுக்குச் சுருக்கென்றது. பிள்ளைகளுக்கு வானத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்து, வானத்தைப் பற்றியே பொய் எழுதப் போகிறோமே என்று வெட்கப்பட்டாள். ராஜப்பனை உட்காரச் சொன்னாள். மஞ்சுஷாவுக்கு முடியாது என்று சொல்லி அனுப்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. சனி ஆளில்லை என்று தெருவுக்கே கண்ணால் காட்டிவிடுவது என்று முடிவு கட்டினாள். அவள் கணவன் அல்தாஃப் வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிறவன். அவனுடைய சிநேகிதர் ஒருவர் களமசேரியில் கல்லூரி வாத்தியார், நல்ல தொலைநோக்கி ஒன்று வைத்திருந்தார். ஒரு சாயங்காலம், மஃரிபு தொழுகை முடிந்ததும், அது வாசகசாலை மொட்டைமாடியில் வந்து நின்றது. தெருவே படியேறியது. கேரம் ஆட்டக்காரர்கள்கூட வந்தார்கள், வைத்தீஸ்வரனைத் தவிர. அவர் கீழே ஒரு முக்கியமான காயைக் குறிவைத்துக்கொண்டிருந்தார்.

முதலில் பார்த்தவள் அழகம்மாள். கண்ணை வைத்தாள், எடுத்தாள், துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"மோதிரம் எங்கே?" என்றாள்.

ஹாஜரா பார்த்தாள். மங்கலான மஞ்சளில் ஒரு சின்ன உருண்டை. வளையம் இருக்கவேண்டிய இடத்தில் ஊசியில் கீறினதுபோல ஒரு கோடு, அதுவும் இருக்கிறதா இல்லையா என்கிற கோடு. வாத்தியார் நிதானமாக விளக்கினார். சனி சாய்ந்தபடி சூரியனைச் சுற்றுகிறது. அதனால் பதினைந்து வருடத்துக்கொருமுறை வளையத்தின் விளிம்பு மட்டும் நம்மை நோக்கித் திரும்பும். தட்டைக் கண்மட்டத்தில் பிடித்தால் கோடாகத்தானே தெரியும், அப்படி. இது அந்தச் சமயம். சில மாதங்கள் போனால் வளையம் பழையபடி விரிந்து தெரியும்.

"சில மாசம் கழிச்சுத் தெரிஞ்சு எந்தா பிரயோஜனம்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஓட்டு அடுத்த வாரம்."

அவ்வளவுதான். சனியின் சின்னத்தை முடக்கிவிட்டார்கள் என்று அன்றைக்கே தெரு முழுக்கப் பரவியது. மற்ற கட்சிகள் பயந்துபோய்ச் செய்த வேலை என்றார்கள். வெள்ளத்தைப் பற்றிப் பேசின ஒரே ஆளுக்கு இந்த கதியா என்று பெண்கள் வருத்தப்பட்டார்கள். அவர் வானத்தில் அல்லவா இருக்கிறார் என்று ஹாஜரா வீடு வீடாகப் போய்க் கெஞ்சிச் சொன்னதற்கும் பதில் தயாராக இருந்தது. இதுவரை ஜெயித்தவர்களில் யார் இங்கே இருந்தார்கள்? இவராவது தினமும் சாயங்காலம் தெரிகிறார்.

ஓட்டுப் போடுகிற நாளில் ஹாஜரா வரிசையில் நின்று உள்ளே போனாள். எந்திரத்தில் மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவள், கடைசிப் பெயரில் நின்றுவிட்டாள். பெயருக்குப் பக்கத்தில் அழகான, வட்டமான மோதிரம். பெயர் வைத்தீஸ்வரன்.

குலுக்கலில் அவருக்கு இந்த முறை விழுந்தது மோதிரம். வழக்கம்போல அவர் விசாரிக்கவில்லை, வழக்கம்போல யாரும் அவரைக் கவனிக்கவுமில்லை. ஹாஜரா வெளியே வந்தபோது வரிசை நெடுக ஒரே சந்தோஷமாக இருந்தது. சின்னம் திரும்பக் கிடைத்துவிட்டதாம், உள்ளே போனவர்கள் கண்ணால் கண்டார்களாம். அது சனி இல்லை, அது கேரம் போர்டு, என் அறையைப் பிடுங்கப்போகிற கேரம் போர்டு என்று கத்த வேண்டும்போல இருந்தது. வாக்குச்சாவடி அருகில் பிரசாரம் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டாள்.

வைத்தீஸ்வரன் ஜெயித்தார், அதுவும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசத்தில். சேதி வந்தபோது சிவப்புக் காயைக் குழியில் போடும் நேரம். தோளில் தூக்கிக்கொண்டு போகிறவர்களிடம், ஒரே ஓர் அடி, அடித்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாராம். யாரும் கேட்கவில்லை.

சில நாளில் அவர் ஹாஜராவின் வீட்டுப் படியேறினார். அறைச் சாவி கேட்கத்தான் வருகிறார் என்று அவள் சாவியைத் தலைமாட்டிலிருந்து எடுத்தே வைத்துவிட்டாள். வந்ததும் அதை நீட்டவும் செய்தாள். வந்தவர் சாவியைப் பார்க்கவே இல்லை. முகம் பப்படம்போல வெளுத்திருந்தது. கடையைத் திறக்க முடியவில்லை, விடிந்தால் ஆள் நிற்கிறது, சுவரில் சொன்னாயே, எப்போது செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள் என்றார்.

"நான் என்னதான் சொல்லியிருக்கேன் டீச்சரே?" என்றார் கடைசியில். "எனக்குத் தமிழ் படிக்க அறியாது."

ஹாஜரா சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நிஸா அவர் கையைப் பிடித்து மதிலுக்கே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஹாஜரா பின்னாலேயே ஓடினாள். சனிக்கு எதிரில் கவுன்சிலரை நிறுத்தி, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துக் காட்டினாள் நிஸா. அவர் திக்கித் திணறி இரண்டு வரி கடந்தார். மூன்றாவது வரியில், தெருவில் கேட்டுக் கேட்டுப் பழகின ஞாபகத்தில், மிதப்பேன் என்று அவசரப்பட்டார்.

"அது இங்க இல்ல மாமா, அடுத்த வரியில" என்று நிஸா தடுத்தாள். "இது இலேசு. பாருங்க, இ. அப்புறம் லே. அப்புறம் சு."

ஹாஜரா மதிலில் கையை ஊன்றிக்கொண்டாள். பாடுகிற பிள்ளைக்கு அந்த இடம் தெரியாது, படிக்கிற பிள்ளைக்குத்தான் தெரியும். கண்ணில் பொங்கி வந்ததை அவள் துடைக்கவில்லை.

வைத்தீஸ்வரன் நாலாவது வரியை முடித்தார். மறுபடி ஒருமுறை படித்தார். அவர் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது.

"வெள்ளத்தை நிறுத்துவேன்னு எங்கேயும் இல்லையே" என்றார். "நான் மிதப்பேன்னு மட்டும்தானே இருக்கு."

மனிதர் அங்கேயே ஒரு கவுன்சிலராக மாறிவிட்டார். நான் சொல்லாததைச் சொன்னதாக இந்த வார்டு நினைத்துக்கொண்டிருக்கிறது, எல்லோரும் எழுத்துப் படித்தால்தான் எனக்கு விடிவு என்றார். ஹாஜராவின் கையிலிருந்த சாவியை அவள் விரல்களை மடக்கி அவள் கையிலேயே பூட்டினார். அறை வகுப்புக்கு. கேரம் போர்டு கீழேயே கிடக்கட்டும். இனி ஞாயிறு வகுப்புக்குப் பெரியவர்களும் வரவேண்டும், வராதவர்கள் தம்மிடம் புகார் கொண்டுவரக்கூடாது.

வந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமையே அறை கொள்ளவில்லை. மதிலில் இருக்கிற எட்டுப் பாட்டையும் ராஜப்பன் அட்டையில் எழுதித் தந்திருந்தார், இந்த முறையும் கைகூப்பின முகங்களோடுதான். பிள்ளைகள் முன்னால் நின்று சொல்லிக்கொடுத்தார்கள், பெரியவர்கள் தரையில் சம்மணமிட்டு எழுத்துக்கூட்டினார்கள். வைத்தீஸ்வரன் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, தம் வார்டு எழுத்தறிவு பெறுவதைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சாயா வைத்திருந்தார். சனியின் அட்டை வரும்வரை அவர் வேறு எதையும் கவனிக்கவில்லை.

சனியின் அட்டையை அழகம்மாள் கேட்டு வாங்கினாள். எழுந்து நின்றாள். அன்று காலையிலும் கடல் ஏறியிருந்தது, அவள் புடவைக் கரை முழங்கால்வரை நனைந்து அப்படியே காய்ந்திருந்தது. விரலை ஒவ்வோர் எழுத்திலும் அழுத்தி வைத்து, நாலு வரியையும் படித்தாள். எத்தனை வெள்ளத்திலும் மிதப்பேன் நான். அட்டையை இறக்கிக் கவுன்சிலரைப் பார்த்தாள்.

"நீங்க மிதப்பீங்க" என்றாள். "அப்போ நாங்க?"

வைத்தீஸ்வரன் சாயாவைக் கீழே வைத்தார். எழுந்து வந்து அட்டையை வாங்கி, விரல் வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தாமே படித்துப் பார்த்தார். அழகம்மாள் படித்ததில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை.